கூட்டிசை பயிலும் இளையோர்க்குச் சிலம்பு காட்டும் வழி

(திருநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

திருவண்ணாமலை நகரிலும், போளூர், ஆரணி, வந்தவாசி வட்டார ஊர்களிலும் வாழும் தமிழ்ச் சமண இல்லங்களில் கீபோர்டோ வயலினோ புல்லாங்குழலோ பயிலும் பிள்ளைகள் உள்ளனர். ஓரளவு கைபழகியதும், திருநாளன்று ஜினாலயத்தில் ஒரு துதிப்பாடலைக் கூடி இசைக்க வேண்டும் என்னும் ஆர்வம் அவர்களுக்கு எழுகிறது. ஆர்வம் நல்லதே. ஆயினும் எல்லாக் கருவிகளும் முதலடி தொட்டு ஈற்றடி வரை ஒருங்கே முழங்கினால், பாடும் பாட்டியின் குரலும் பாட்டின் சொல்லும் எவர் செவிக்கும் எட்டா. ஒரு கருவியை வாசிக்கக் கற்பது ஒரு கல்வி. பல கருவிகளை ஒரு பாட்டினுள் அமைக்கக் கற்பது வேறொரு கல்வி.

இவ்விரண்டாம் கல்விக்குத் தமிழில் பழைய பாடநூல் ஒன்று உண்டு. சமணத் துறவி என மரபு போற்றும் இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே அது. மாதவியின் அரங்கில் குழல் முன் செல்கிறது. அதனைக் கேட்டு யாழ் நடக்கிறது. யாழைக் கேட்டுத் தண்ணுமையும், அதனைக் கேட்டு முழவும் சேர்கின்றன. முழவோடு ஆமந்திரிகை இணைகிறது. ஒவ்வொரு கருவியும் தனக்கு முன்னுள்ளதைக் கேட்ட பின்னரே ஒலிக்கிறது. தண்ணுமை ஆசிரியனுக்கு அடிகள் கூறும் இலக்கணம் இன்னும் நுட்பமானது. யாழும் குழலும் மிடற்றுப் பாடலும் கேட்கும்படி அவன் வாசிக்க வேண்டும். குறையுமிடத்து நிரப்பி, மிகுமிடத்து அடக்கித் தன் ஒலி மேலோங்காமல் காக்க வேண்டும். 1892இல் உ. வே. சாமிநாதையர் இந்நூலை அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்ததால் இச்செல்வம் அனைவர்க்கும் கிட்டியது.

தொடக்க மாணவர் இதனை நடைமுறையில் கொள்ளும் வகை எளிது. முதலில் சுருதி. பாடுவோரின் குரல் பாட்டின் உச்ச சுரத்தை வருந்தாமல் தொடும் கட்டையைத் தேர்க. கருவிக்கு எளிதான கட்டையைத் தேரற்க. அடுத்து, மெட்டினைச் சுரப்படுத்தித் தாளில் எழுதுக. மூன்றாவது, தாங்கும் ஒலி. பண்டைத் தமிழர் சட்சத்தைக் குரல் என்றும் பஞ்சமத்தை இளி என்றும் அழைத்தனர். ஒரு நரம்பிற்கு ஐந்தாவதைக் கிளை என்றும் நான்காவதைக் நட்பு என்றும் உறவு கூறினர். குரலும் இளியும் மெல்ல நீண்டு ஒலித்தாலே பாட்டிற்கு அடித்தளம் அமையும். இந்தோளம் போலப் பஞ்சமம் இல்லாத இராகமாயின் மத்திமமே துணை. நான்காவது, இடைவெளி. பாடுவோர் மூச்சு வாங்கும் இடமே குழலுக்குரிய இடம். அவர் பாடும்போது குழல் காத்திருக்கட்டும். தாளக்கருவி முதற்பாட்டில் அமைதி காத்து இரண்டாம் பாட்டில் நுழைந்தால் அதன் வரவுக்கே ஓர் அழகு பிறக்கும்.

பாட்டின் யாப்பும் அமைப்பைத் தீர்மானிக்கும். அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதியை எடுத்துக்கொள்வோர் அதன் தொடையை நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு பாட்டின் இறுதி, அடுத்த பாட்டின் தொடக்கமாகிறது. இடையில் கருவிகள் நெடுநேரம் வாசித்தால் அந்தாதித் தொடர்பு செவியில் அறுந்துபோகும். ஆகவே அங்கே இடையிசை குறுகியதாய் இருத்தல் வேண்டும்.

சிறிய தொடக்கம் குறையன்று. இரமண மகரிஷி மீது பாடல் புனைந்து இந்நகரத்து அன்பர்க்கு நெருக்கமான இளையராஜா, தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசையை எழுதவும் படிக்கவும் கற்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராய் இருந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவருமுன் இத்தனை பயிற்சி இருந்தது. எந்தக் கருவி எங்கே ஒலிக்க வேண்டும், எங்கே ஓய வேண்டும் என்பதைத் தாளில் எழுதித் தரும் அவர்தம் ஆற்றலுக்கு அப்பயிற்சியே வேர்.

எழுதும் இப்பழக்கத்தில்தான் சமுதாயத்தின் பெருநலன் அடங்கியுள்ளது. துதிப்பாடல்களின் சொற்கள் ஏட்டிலும் அச்சிலும் நிலைத்தன. அவற்றை மூதாட்டியர் பாடும் மெட்டுகளோ வாய்வழியாகவே வந்தவை. பாடியவர் மறைந்தால் மெட்டும் உடன் மறையும். கூட்டிசை அமைக்க விழையும் பேரனோ பேத்தியோ பாட்டியின் அருகமர்ந்து, அவர் பாடுவதைப் பலமுறை கேட்டுச் சுரம் குறித்தால், ஒரு மேடை நிகழ்ச்சிக்கென எழுதிய அத்தாள் ஒரு மெட்டினையே காத்துவிடும். பிழையாகக் குறித்ததைப் பின்வருவோர் திருத்தலாம். குறிக்காமல் விட்டதை மீட்க வழியில்லை.

அடுத்த திருநாளுக்குள் ஒவ்வோர் ஊரின் இளையோரும் தத்தம் ஊர் முதியோரிடமிருந்து ஒரு பாடலையேனும் சுரப்படுத்திக் கொணர்வாராக. அதனை இசைக்குங்கால் முதற்பாட்டைக் கருவியின்றி அம்முதியோரே பாடட்டும். பிள்ளைகள் கேட்டிருந்து, பின்னர்த் துணைசேரட்டும்.

அறம் வளர்க! இசை வளர்க!