அம்மா என்ன வேலை செய்கிறார்?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் விவரப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்று ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் அதில் 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். பிள்ளையைக் கேட்டால், "அம்மா வீட்டுல சும்மாதான் இருக்காங்க டீச்சர்" என்று சொல்லும். அந்த அம்மா விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தீனி போட்டுப் பால் கறந்திருப்பார். தென்காசிப் பக்கம் என்றால் மடியில் முறத்தை வைத்துப் பகல் முழுவதும் பீடி சுற்றியிருப்பார். திருப்பூர் என்றால் வீட்டில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டியிருப்பார். படிவத்தில் இவை எதுவும் ஏறுவதில்லை.

மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில், இந்தச் 'சும்மா' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நாட்டின் கணக்கெடுப்பிலும் இதே சிக்கல் இருக்கிறது. வேலை செய்வோரையும் வேலை தேடுவோரையும் சேர்த்து எண்ணி, அவர்கள் மக்களில் எத்தனை விழுக்காடு என்று சொல்வதே தொழிலாளர் பங்கேற்பு வீதம். கணவர் நடத்தும் பெட்டிக்கடையில் சம்பளமில்லாமல் வியாபாரம் பார்க்கும் மனைவி இந்தக் கணக்கில் தொழிலாளி. சமைத்து, துவைத்து, மாமியாரைக் கவனித்து, அடுப்புக்குச் சுள்ளியும் பொறுக்கி வரும் பெண் இந்தக் கணக்கில் வரமாட்டார். கடையில் இருப்பவரும் "நான் வேலைக்குப் போகவில்லை" என்று பதில் சொல்லிவிட்டால் விட்டுப்போக வாய்ப்புண்டு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு எண்களைப் பாருங்கள். இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் பங்கேற்பு 2004-05இல் 40 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 2017-18இல் அது 23.3ஆக இறங்கியது. 2023-24இல் மறுபடியும் 41.7ஆக உயர்ந்தது. இறங்கியதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. பெண் பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் படித்தார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தது. படித்த பெண்ணுக்கு ஏற்ற வேலை ஊருக்குப் பக்கத்தில் கிடைக்கவில்லை.

ஏறியதைக் கொண்டாடுவதற்கு முன் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். வேலை செய்யும் பெண்களில் சுயதொழிலில் இருப்போர் 2017-18இல் 51.9 விழுக்காடு, 2023-24இல் 67.4. வீட்டுத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோரும் இதில் அடக்கம். அதே காலத்தில் மாதச் சம்பளம் போன்ற நிலையான ஊதிய வேலையில் இருப்போரின் பங்கு 21 விழுக்காட்டிலிருந்து 15.9ஆகக் குறைந்தது. அதாவது, வேலை செய்யும் பெண்கள் ஆறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் நிலையான ஊதியம்.

அந்த ஒருவர் நாம். இங்கே அமர்ந்திருக்கும் பெண் ஆசிரியர்களைச் சொல்கிறேன். இந்த இடமும் சும்மா கிடைத்ததன்று. 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்கப் பெண்களின் 200 ஆண்டு வேலை வரலாற்றை ஆராய்ந்தவர். அங்கே 1942இல் பள்ளி வாரியங்களில் 87 விழுக்காடு, மணமான பெண்ணை ஆசிரியராக நியமிக்க மறுத்தன என்று அவர் காட்டுகிறார். திறமை இருந்தது, படிப்பு இருந்தது, விதி தடுத்தது. விதி மாறியபோது பெண்கள் வந்தார்கள். நம் மாநிலத்தில் அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். குழந்தை பெற்ற பிறகும் நாம் வேலையில் தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பீடி சுற்றும் தாய்க்குச் சுற்றாத நாளில் கூலி இல்லை.

நம் வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகள் நாளை இந்த இரண்டில் எந்தப் பக்கம் போவார்கள்? மதிப்பெண் மட்டும் அதை முடிவு செய்வதில்லை. நேரமும் முடிவு செய்கிறது. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. கழித்துப் பாருங்கள். இடைவெளி 202 நிமிடமாக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் 201 ஆகியிருக்கிறது. இதுவும் வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்களை மட்டும் எடுத்த கணக்கு. அப்படிப்பட்ட ஆண்கள் நான்கில் ஒருவரைச் சற்றே தாண்டுவார்கள். பெண்களில் ஐந்தில் நால்வர். இந்தக் கணக்கெடுப்பு 6 வயதிலிருந்தே தொடங்குகிறது. நம் மாணவிகளும் அதற்குள் இருக்கிறார்கள்.

அரசுத் திட்டங்கள் இந்த நேரத்தைக் கொஞ்சம் மீட்டுத் தருகின்றன. 2021 முதல் நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் குழந்தையின் பசியைத் தீர்ப்பதோடு, முதல் பேருந்தைப் பிடிக்கும் தாயின் அவசரத்தையும் குறைக்கிறது. மீதியை நாமும் செய்யலாம். மூன்று செயல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, படிவம் நிரப்பும்போது "அம்மா வேலைக்குப் போகிறாரா?" என்று கேட்காமல், "அம்மா காலை முதல் இரவு வரை என்னென்ன செய்கிறார்?" என்று கேளுங்கள். மாடு, தையல், நூறு நாள் வேலை என்று பதில் வரும். வந்ததை எழுதுங்கள்.

இரண்டாவது, கணக்குப் பாடத்தில் வட்ட விளக்கப்படம் நடத்தும்போது, மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஒரு நாளின் 24 மணி நேரத்தைப் பிரித்து வரையட்டும். பெயர் எழுத வேண்டாம். ஆண், பெண் என்று மட்டும் குறித்தால் போதும். எந்தக் குடும்பத்தையும் குறை சொல்வதற்கு அன்று இந்தப் பயிற்சி. இரு தொகுதிகளின் சராசரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பேசுவதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, நம் பள்ளிக்குள் பார்ப்போம். விழா என்றால் கோலம், பன்னீர் தெளிப்பு, விருந்தினருக்குத் தேநீர் எல்லாம் மாணவிகளுக்கு. ஒலிபெருக்கியும் மேசை நாற்காலியும் மாணவர்களுக்கு. வகுப்பறையைக் கூட்டும் முறை யாருடையது? அடுத்த வாரமே முறைப்பட்டியலை மாற்றி, எல்லா வேலையும் எல்லாருக்கும் சுற்றி வரும்படி செய்யலாம். இதற்குச் செலவில்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கு வழிகாட்டும்போது "என்ன படிக்கப் போகிறாய்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "படித்து முடித்து என்ன வேலைக்குப் போவாய்? திருமணத்துக்குப் பிறகும் அதில் இருப்பதற்கு என்ன வேண்டும்?" என்றும் கேளுங்கள். முடிந்தால் அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்தக் கேள்வியை அவளிடம் முதலில் கேட்பவர் நீங்களாகவே இருக்கக்கூடும்.