காலமும் கடமையும்



காலத்தைப் பொன்னுக்கு ஒப்பிடுவது நம் வழக்கம். இழந்த பொன்னை மீண்டும் ஈட்டலாம். கழிந்த நாளை எவராலும் ஈட்ட இயலாது. ஆதலால், நேரத்தைச் செலவிடுமுன் அதன் நோக்கத்தைத் தெளிந்துகொள்வது இன்றியமையாதது.

1964 டிசம்பரில் வீசிய கடும் புயல் பாம்பன் ரயில் பாலத்தைச் சிதைத்தது. இராமேசுவரம் தீவின் ரயில் தொடர்பு அறுந்தது. பாலத்தைச் சீரமைக்க ஆறு மாதம் வேண்டுமென ரயில்வே நிர்வாகம் கணக்கிட்டது. பணியை ஏற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் அதனை 46 நாட்களில் நிறைவேற்றினார். புதிய உத்திரங்கள் வரட்டும் எனக் காத்திராமல், கடலில் வீழ்ந்த உத்திரங்களை மீட்டு மீண்டும் பொருத்த அவர் முனைந்தார். பதற்றமான விரைவைக் காட்டிலும், குறிக்கோளை ஒட்டிய சிந்தனையே நாட்களை மிச்சப்படுத்தியது. பிற்காலத்தில் அவர் தலைமையில் நடைபெற்ற தில்லி மெட்ரோ பணியிடங்களில், எஞ்சிய நாட்களைக் காட்டும் கடிகாரங்கள் வைக்கப்பட்டன.

பாலம் கட்டுவோருக்கு மட்டும் உரிய பாடமன்று இது. ஓர் அலுவலர் ஒரு கோப்பை ஒரு வாரம் நிறுத்தி வைத்தால், வீணாவது பிறருடைய காலம். சான்றிதழ் தாமதமானால் ஒரு மாணவனின் கல்லூரிச் சேர்க்கை தவறக்கூடும். ஓய்வூதிய ஆணைக்காக அலையும் முதியவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாளின் இழப்பு.

இதனை உணர்ந்தே, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 30 நாட்களுக்குள் விடையளிக்கப் பணிக்கிறது. உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் பற்றிய செய்தியெனில் 48 மணி நேரமே வரம்பு. 2010இல் மத்தியப் பிரதேசம், குறித்த நாட்களுக்குள் அரசுச் சேவைகளைப் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின.

ஆயினும், சட்டம் வரையறுப்பது இறுதி நாளை மட்டுமே. முதல் நாளில் தரக்கூடிய விடையை முப்பதாம் நாள்வரை வைத்திருப்பவர் விதியை மீறாமலிருக்கலாம்; கடமையை நிறைவேற்றியவராக மாட்டார்.

மாணவர்களே, இப்பழக்கம் பதவியில் அமர்ந்தபின் தானாக வந்துவிடாது. நாளைய பணிகளுள் முதன்மையான ஒன்றை இன்றிரவே குறித்து வையுங்கள். காலையில் அதனையே முதலில் முடியுங்கள். உங்கள் நேரத்தை மதிக்கப் பழகிய பின்னரே, உங்கள் மேசைமுன் நிற்கும் ஏழையின் நேரத்தையும் மதிப்பீர்கள்.