பழஞ்சேலைப் போர்வை

(அறக்கட்டளையின் மகளிர் தொண்டூழியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமயச் சான்றோர் பலர் நின்று பேசிய மேடை இது. திருமுறை ஒலித்த இடத்தில் ஒரு தையலாசிரியை வந்து கந்தல் துணியைப் பற்றிப் பேசப் போகிறாள் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள், பாதகமில்லை. பள்ளியில் 31 ஆண்டுகள் தையல் கற்றுக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்!

நம் மகளிர் பிரிவு பழஞ்சேலைகளைக் கொண்டு போர்வைகள் தைத்து முதியோர் இல்லங்களுக்கும் தாதிமை இல்லங்களுக்கும் கொடுத்து வருவதை நீங்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஓர் அன்பர் எழுந்து கேட்டார். "அம்மா, ஒரு போர்வைக்கு 25 மணி நேரம், 30 மணி நேரம் உட்கார்ந்து தைக்கிறீர்கள். கடையில் 20 வெள்ளி கொடுத்தால் புதுப் போர்வையே கிடைக்கிறது. நான் 50 போர்வைக்குக் காசோலை எழுதித் தருகிறேன். வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு தொண்டு பாருங்களேன்" என்றார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. சொன்னபடி காசோலையும் தந்தார். அந்தப் பணத்தில் இல்லங்களுக்குப் படுக்கை விரிப்புகள் வாங்கிக் கொடுத்தோம். ஆனால் தைப்பதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று அவருக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும் அல்லவா? இன்று அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பொழுது விடியுமுன் தாய்மார்கள் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடப்பார்கள். விட்டத்தில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். ஒவ்வொரு தொட்டிலும் ஒரு தாயின் பழஞ்சேலை. அந்தச் சேலையில் இருந்த வாசனையில்தான் பிள்ளை அழாமல் தூங்கும் என்று ஆயா சொல்வார். தீபாவளிக்கு எடுத்த சேலை சில ஆண்டுகள் கோயிலுக்கு, பிறகு வீட்டுக்கு, பிறகு பால்மரத்து வேலைக்கு, பிறகு தொட்டிலுக்கு. தொட்டிலுக்கும் பயன்படாத நிலை வந்தால் என் பாட்டி மூன்று நான்கு சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுற்றிலும் நடுவிலும் தைத்துத் துப்பட்டி ஆக்குவார். அடிப்பக்கம் கோதுமை மாவுச் சாக்கு. ஆலையின் முத்திரை எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தத் துப்பட்டியில்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

வங்காளத்துப் பெண்களும் இதையே செய்கிறார்கள். பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்துத் தைக்கிறார்கள். காந்தா என்று அதற்குப் பெயர். பிறந்த குழந்தைக்கு முதலில் போர்த்துவது அதைத்தான். நம்முடைய 'கந்தை' என்ற சொல்லும் அந்தக் காந்தாவும் ஒரே வேரில் பிறந்தவை. நாம் கந்தை என்று முகம் சுளிக்கிறோம். அவர்கள் அதில் தாமரையும் மயிலும் தைத்துக் குழந்தையைப் போர்த்துகிறார்கள்!

இது இருக்கட்டும். இந்தச் சிங்கப்பூரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காசோலை தந்த அன்பருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் அதில்தான் இருக்கிறது.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இங்கிருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் குடும்பங்களையும் மற்ற ஐரோப்பியரையும் சாங்கி சிறைக்குள் அடைத்தார்கள். சுமார் 600 பேருக்கென்று கட்டிய சிறை அது. ஆயிரக்கணக்கானோரை அதில் திணித்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் மறுபக்கம். படையில் இருந்த கணவன்மார்கள் வேறு முகாமில். யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று கேட்டறிய வழியில்லை. கடிதம் எழுதவும் அனுமதியில்லை.

அந்தச் சிறையில் சாரணியச் சிறுமிகள் சிலர் இருந்தார்கள். தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸ் அம்மையாருக்குப் பிறந்தநாள் பரிசு கொடுக்க ஆசைப்பட்டார்கள். சிறையில் என்ன கிடைக்கும்? கிழிந்த சட்டை, பழைய துணித்துண்டு. அவற்றை ஆறு பக்கமுள்ள சிறு துண்டுகளாக வெட்டி, பூப்போலச் சேர்த்து, ரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். நூலையும் பழந்துணியிலிருந்தே பிரித்தெடுத்தார்கள்.

அதைப் பார்த்துத்தான் கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வனி என்ற அம்மையாருக்கு அந்த யோசனை தோன்றியது. விருப்பமுள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் ஆறு அங்குலச் சதுரத் துணி ஒன்றைக் கொடுத்தார். "உன் பெயரையும், உன்னைப் பற்றி ஏதாவது ஒன்றையும் இதில் தைத்துக் கொடு" என்றார். ஒருத்தி பூவைத் தைத்தாள். ஒருத்தி விட்டு வந்த வீட்டை. ஒருத்தி பிறந்த நாட்டின் சின்னத்தை. 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை. அப்படி மூன்று போர்வைகள் ஆயின. ஒன்று காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, ஒன்று காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்கு. ஆம், சிறை வைத்தவர்களுக்கும் ஒன்று! அப்படிக் கொடுத்ததால்தான் மற்ற இரண்டையும் மருத்துவமனைக்கு அனுப்ப வழி பிறந்தது என்பார்கள்.

சாங்கியில் குளிர் ஏது? அந்தப் போர்வை கதகதப்புக்காகப் போகவில்லை. மருத்துவமனையில் கிடந்த வீரன் ஒருவன் விரித்துப் பார்த்து, ஒரு மூலையில் தன் மனைவியின் பெயரை அவள் கைத்தையலிலேயே கண்டால், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த மூன்றில் இரண்டு இப்போது கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் போர்வை லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. நம் பிள்ளைகளைச் சாங்கி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

அந்த மாதரசிகளோடு எங்களை ஒப்பிட்டுக் கொள்ள நான் துணியவில்லை. குளிர்சாதன அறையில் தேநீர் குடித்துக்கொண்டு தைக்கிறவர்கள் நாங்கள். ஆனாலும் கடையில் வாங்கிய போர்வையில் யாருடைய பெயரும் இருக்காது. ஒருவர் உட்கார்ந்து தைத்தது என்று தெரிந்தால், வாங்குகிறவர் அதை விரித்துப் பார்க்கும் விதமே வேறு.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தாதிமை இல்லத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு பாட்டி. முதுமை மறதி நோய். மகள் வந்தாலும் அடையாளம் தெரியாது, பேச்சும் பெரும்பாலும் நின்றுவிட்டது. மடியில் போர்வையை விரித்தோம். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் விரல்கள் ஓரமாக நகர்ந்து, ஒரு சிவப்புத் துண்டைப் பிடித்து நிமிண்டத் தொடங்கின. பிறகு தெளிவாகச் சொன்னார்: "இது சுங்குடி. மதுரைச் சுங்குடி. சாயம் போகும். தனியாத் துவைங்க." பக்கத்தில் நின்ற தாதிக்குத் தமிழ் தெரியாது. பாட்டி என்ன கேட்கிறார், தண்ணீரா என்று பதறினார். நாங்கள் விளக்கிச் சொன்னதும் அந்தப் பெண் தன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டார். அன்று முழுவதும் பாட்டி வேறெதுவும் பேசவில்லை. அதன் பிறகு மறதி நோய் உள்ளவர்களுக்கென்று மடியளவுக்குச் சிறு போர்வைகள் தைக்கிறோம். பட்டுக்கரை, பருத்தி, வெல்வெட் என்று தொட்டால் வெவ்வேறாக இருக்கும் துண்டுகள். கையை ஓய விடாது. பொத்தானும் மணியும் மட்டும் வைப்பதில்லை. பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பாட்டி சொன்னதும் சரிதான். சாயம் போகும். எனவே எந்தத் துணியையும் நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்த பிறகே வெட்டுகிறோம். இல்லங்களில் வெந்நீரில் இயந்திரச் சலவை. அதற்குத் தாங்காதது அங்கே போகக் கூடாது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரிந்தால் அது போர்வைக்கு ஆகாது. இரு கைகளால் இழுத்துப் பாருங்கள். சரக்கென்றால் துடைப்புத் துணிக்குத்தான். ஜரிகை முதியவர்களின் மெல்லிய தோலைக் கீறும். ஒரு காலத்தில் நாமெல்லாம் ஆசையாக உடுத்திய நைலக்ஸ் சேலை இருக்கிறதே, வியர்வையை உறிஞ்சாது. இந்த வெப்பத்தில் அதைப் போர்த்துவது தண்டனை! அது பை தைக்க நல்லது. நம்மூர்ப் பாத்தேக் கைலி மிக அருமை. அடித்துத் துவைக்கத் துவைக்க மெதுவாகும்.

ஐந்தரை கெஜச் சேலையை மூன்றாக மடித்தால் 66 அங்குல நீளம் வரும். அகலம் ஏறத்தாழ 45 அங்குலம். ஒரு முதியவருக்குத் தாராளமாகப் போதும். பஞ்சு வேண்டியதில்லை, மூன்று மடிப்பே போர்வை. ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓட்டுத்தையல் போட்டால் 30 வரிசை. கணக்குப் பார்த்தால் 55 கெஜத் தையல்! மேல்பக்கம் ஒட்டுத் துண்டுகளால் ஆனது என்றால் நேரம் இன்னும் கூடும்.

இனி ஒரு கசப்பான செய்தி. பழந்துணி கொடுங்கள் என்று அறிவித்தால் பைபையாக வருகிறது. திறந்து பார்த்தால் பாதி, குப்பைத் தொட்டிக்குப் போயிருக்க வேண்டியது. கறை படிந்தது, பூஞ்சணம் பிடித்தது, ஒருமுறை துவைக்காமலே முடிந்து கட்டிய உள்ளாடைகூட வந்திருக்கிறது. கோயிலில் கொண்டு போய்ப் போட்டால் புண்ணியம் என்ற எண்ணம் போலும். தேசியச் சுற்றுப்புற வாரியக் கணக்குப்படி 2019-இல் இந்தத் தீவில் சேர்ந்த துணி, தோல் கழிவு சுமார் 168,000 டன். அதில் மறுபயனுக்குப் போனது 4 விழுக்காடு. அந்தக் கழிவைக் குறைக்க உதவினால் மகிழ்ச்சிதான். ஆனால் நாம் கழித்துப் போட்டதை அப்படியே ஏழையிடம் தள்ளிவிட்டு அதற்கு தானம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. துவைத்து, தேய்த்து, கிழிசலைத் தைத்துக் கொண்டு வாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் கேட்கிறேன்.

அதே பைகளில் சிரிப்பும் வரும். ரவிக்கைத் துணி! தாம்பூலத்தோடு வாங்கி, அலமாரியில் வைத்து, அடுத்த நவராத்திரிக்கு இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் வேறொருவருக்குக் கொடுத்து, ஐந்தாறு வீடு சுற்றிப் பழைய வீட்டுக்கே வந்து சேர்வது நமக்குத் தெரியாததா? யாரும் தைத்ததில்லை. அந்த ரவிக்கைத் துணிகள் எனக்கு வேண்டும். உடுத்தாத துணி என்பதால் அவற்றுக்கு ஒரு தனி வேலை உண்டு.

என்னவென்று சொல்கிறேன். தாயார் காலமான பிறகு அவர் சேலைகளை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருக்கும் வீடுகள் பல. ஓர் அம்மையார் ஆறு ஆண்டுகள் பூட்டி வைத்திருந்த 22 சேலைகளைக் கொண்டு வந்தார். மேசையில் வைத்தார், கையை எடுக்கவில்லை. நான் இரண்டு சேலைகளைத் திருப்பிக் கொடுத்து, "இவை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு. நீங்களே தையுங்கள், நான் சொல்லித் தருகிறேன்" என்றேன். நான்கு மாதம் சனிக்கிழமை தவறாமல் வந்தார். மீதி 20 சேலை பிறருக்குப் போர்வையாயின. ஆனால் இறந்தவர் துணியைப் போர்த்த மனம் ஒப்பாத முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மூடநம்பிக்கை என்று கடிந்துகொள்ள நமக்கு என்ன உரிமை? ஆகவே எந்தப் போர்வை எங்கிருந்து வந்த துணி என்று கேட்டால் உள்ளதைச் சொல்கிறோம். வேண்டாம் என்றால் ரவிக்கைத் துணியில் தைத்ததைக் கொடுக்கிறோம். வாங்குகிறவருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு.

அம்பாளுக்குச் சாத்திய சேலைகளைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். நிர்வாகத்தையும் குருக்களையும் கேட்டு, அவர்கள் தருவதை மட்டும் எடுக்கிறோம். காலில் படும் விரிப்பு, மிதியடி எதற்கும் அதை வெட்டுவதில்லை. திருமுறைப் புத்தக உறை, திருநீற்றுச் சுருக்குப் பை, பொன்னாடைக்குப் பதிலாகப் போர்த்தும் துண்டு, இவை மட்டுமே.

சிறு பொருள்களைப் பற்றி நீட்டிப் பேச நேரமில்லை. வெளியே மேசையில் இருக்கின்றன: சுருக்குப் பை, மூக்குக் கண்ணாடி உறை, சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, அர்ச்சனைப் பை. திருமண வீட்டார் தாம்பூலத்துக்கு நெகிழிப் பை வாங்குவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 300 பை வேண்டுமானால் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லுங்கள். முதல் நாள் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்!

ஒவ்வொரு போர்வையின் மூலையிலும் தைத்தவரின் பெயரை, முதலெழுத்தையாவது, தைக்கச் சொல்கிறேன். சிலர் கூச்சப்படுகிறார்கள், விளம்பரம் போல இருக்கிறதே என்று. சாங்கிப் பெண்கள் கூச்சப்படவில்லை.

இப்போது 17 போர்வைகள் முடிந்து மடித்து வைத்திருக்கிறோம். பதினெட்டாவது பின்மண்டபத்து மேசையில் விரித்தபடி கிடக்கிறது. மூன்று ஓரம் மடித்துத் தைத்தாயிற்று, ஒன்று பாக்கி. கண்ணாடியைக் கொண்டு வந்திருப்பவர்கள் சாப்பிட்டு முடித்ததும் அங்கே வாருங்கள். ஊசி கோத்து வைத்திருக்கிறேன்.