தோல் பதனிடும் சீமோன் வீடு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று பெற்றோர் கேட்கிறார்கள். சென்னைக்குப் போனால் செலவு, ஏலகிரிக்குப் போனால் ஒரு நாள் போதாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் தொழிலை நம்பி வாழும் நமக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் கோட்டை. ஏறக்குறைய 133 ஏக்கர். அகழி ஓரமாகப் பூங்கா, உள்ளே போனால் மரநிழல், புல்வெளி, அருங்காட்சியகங்கள் இரண்டு. ஒன்று மத்தியத் தொல்லியல் துறையினுடையது, மற்றொன்று மாநில அரசினுடையது. வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

எங்கள் பங்கின் மறைக்கல்விப் பிள்ளைகளோடு நாங்கள் அங்கே போய்வந்தோம். சுற்றுலாவைப் பற்றி மறையுரையில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். யோசுவா நூலின் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இஸ்ரயேல் மக்கள் யோர்தானைக் கடந்ததும் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களைத் தூக்கிவரச் சொல்கிறார் கடவுள். எதற்காக? பின்னாளில் பிள்ளைகள் அந்தக் கற்களைப் பார்த்து இவை என்ன என்று கேட்க வேண்டும். பெற்றோர் சொல்ல வேண்டும். கல்லை நட்டதே பிள்ளை கேள்வி கேட்பதற்காகத்தான். அருங்காட்சியகம் என்பதும் அதுதானே! அங்கே போய்ப் பிள்ளையிடம் “தொடாதே, பேசாதே, வரிசையாக நட” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தால் அந்தக் கற்கள் வெறும் கற்களாகவே நின்றுவிடும்.

இயேசுவுக்கும் பன்னிரண்டு வயதில் அப்படி ஒரு பயணம் இருந்தது. பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போன இடத்தில், போதகர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் என்கிறார் லூக்கா. கடவுளின் மகன் அங்கே முதலில் செய்தது பாடம் நடத்துவது அல்ல, கேள்வி கேட்பது.

எங்கள் பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும் கொஞ்சம் கேளுங்கள். அரசு அருங்காட்சியகத்தில் வெண்கல வாள் ஒன்று இருக்கிறது. கைப்பிடியின் முனையில் பூச்சியின் உணர்கொம்பு போல இரண்டு கொம்புகள். நம் மாவட்டத்தில் கிடைத்தது, கி.மு. 400ஐ ஒட்டியது என்கிறார்கள். “இதை வச்சு யாரை வெட்டினாங்க?” என்பது பையன்களின் கேள்வி. கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை இருக்கிறது. 1815இல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, மறு ஆண்டு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இறக்கும் வரை இந்தக் கோட்டையில் கைதியாக இருந்தவர் அவர். “ஜெயில்ல யாரோட ஆடுவாரு?” என்று ஒரு சிறுமி கேட்டாள். நாங்கள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத நல்ல கேள்வி அது.

நடுகற்களுக்கு முன்னால் சற்று நேரம் நின்றோம். மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மடிந்தவர்களுக்கு நம் முன்னோர் கல் நட்டார்கள். ஆம்பூரிலேயே ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னர் நிருபதுங்கன் காலத்தில், அப்படி மடிந்தவர்களைப் பற்றிய கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. மாட்டுக்காக உயிர் கொடுத்த ஊர், இன்று மாட்டுத்தோலால் பிழைக்கிற ஊர். ஆயிரத்து நூறு ஆண்டுகளில் நாம் மாட்டை விட்டு விலகவே இல்லை போலிருக்கிறது.

வெளியே வந்து மர நிழலில் தயிர்ச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தபோதுதான் 1806ஆம் ஆண்டின் கதையைச் சொன்னோம். அந்த ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் இந்தக் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடியைத் திருத்த வேண்டும், புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிராடக் ஆணை பிறப்பித்திருந்தார். அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த பதக்கம் ஒன்றும் இருந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி. திப்பு சுல்தானின் குடும்பமும் அப்போது இதே கோட்டையில் காவலில் இருந்தது. கோட்டை சிப்பாய்களின் கையில் இருந்தது ஒரு பொழுதுகூட இல்லை. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்தார். அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் கொல்லப்பட்டிருந்தார்கள். அதன்பின் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு அந்த ஆணைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆளுநர் பெண்டிங்கும் கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், ஏழாம் வகுப்பு இருக்கும், சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்: “சாமி, தோலைத் தலையில வச்சதுக்கா இவ்வளவு சண்டை? தோல்னா அவ்வளவு அசிங்கமா?”

அவனுடைய அப்பா டேனரியில் வேலை செய்கிறவர். சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலை எடுத்து முடி நீக்குகிற இடம். அம்மா விடியற்காலையில் ஷூ கம்பெனி வேனுக்காகத் தெருமுனையில் நிற்கிறவர். அன்புக்குரியவர்களே, அவன் சிப்பாய்களைப் பற்றிக் கேட்கவில்லை. தன் அப்பாவைப் பற்றிக் கேட்டான். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் “கூலி” என்று மட்டும் எழுதுகிறார்கள், சீருடையில் வாடை வருகிறது என்று யாராவது மூக்கைப் பொத்தினால் வீட்டில் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அவனுக்கு இரண்டு பதில் சொன்னோம். முதல் பதில், சிப்பாய்கள் எதிர்த்தது தோலை மட்டும் அல்ல. என் உடம்பின் மேல், என் நம்பிக்கையின் மேல், என்னைக் கேட்காமல் கை வைக்காதே என்றார்கள். தங்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப் போகிறார்கள் என்ற அச்சமும் அவர்களிடம் பரவியிருந்தது. கிறிஸ்துவின் பெயர் அந்தக் கோட்டைக்குள் அன்று மிரட்டலாகக் கேட்டது என்பதை நாம் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. இன்று அதே மதிலுக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலும், பள்ளிவாசலும், 1846இல் கட்டிய தூய யோவான் ஆலயமும் இருக்கின்றன. பல தலைமுறைகளாக வழிபாடு இல்லாமல் கிடந்த அந்தக் கோயிலுக்கு 1981இல்தான் சிவலிங்கம் திரும்பிவந்தது. அடுத்தவருடைய வழிபாட்டிடம் வெறுமையாகக் கிடப்பதில் நமக்கு எந்தப் பெருமையும் இல்லை.

இரண்டாவது பதிலுக்காகத் திருத்தூதர் பணிகள் நூலுக்குப் போனோம். யாப்பாவில் தபித்தாவை உயிர்ப்பித்த பிறகு பேதுரு அங்கே பல நாள் தங்கினார். எங்கே? தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில். இதை நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். செத்த விலங்கைத் தொடுவது யூதருக்குத் தீட்டு. தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழமாவது தள்ளி இருக்க வேண்டும், அதுவும் ஊருக்குக் கிழக்கே மட்டும்தான் என்று அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. வாடை ஊருக்குள் வரக்கூடாதாம். சீமோன் வீடும் கடலோரத்தில் இருந்தது. நம் நாட்டில் இந்தத் தீட்டுக் கணக்கு ஊர் எல்லையோடு நிற்காமல் சாதியாகவே ஆகிவிட்டது என்பதை நான்கு தலைமுறையாகத் தோல் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

திருச்சபையின் தலைவர் அந்த வீட்டில் தங்கினார். அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டார். அந்த வீட்டு மாடியில் நண்பகலில் செபித்தார். அங்கேதான் வானத்திலிருந்து விரிப்பு இறங்கிய காட்சியைக் கண்டார். கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்ல மனிதனுக்கு உரிமையில்லை என்று அங்கேதான் அறிந்தார். கொர்னேலியுவுக்கு வானதூதர் கொடுத்த முகவரியைக் கவனியுங்கள்: தோல் பதனிடும் சீமோன் வீடு, கடலோரம். வானதூதருக்கு அந்தத் தொழிலின் பெயரைச் சொல்ல வெட்கமில்லை! பிற இனத்தார் திருச்சபைக்குள் வந்த வழி அந்த வாசல் வழியாகப் போகிறது.

ஆனால் தொழிலை மதிப்பது என்றால் அதன் தீங்கை மூடி மறைப்பது என்று பொருள் அல்ல. பாலாற்றில் கழிவு கலந்து கிணறும் வயலும் கெட்டதை இந்தப் பகுதியில் அறியாதவர் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடு முழுவதும் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு அடிப்படையானது. கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்றது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, இரவில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களுக்கு யார் நடுகல் நட்டார்கள்? மாடு மீட்டவருக்கு ஆயிரம் ஆண்டு நிற்கும் கல் வைத்தோம். தோல் வேலையில் மடிந்தவரின் கதையைப் பிள்ளைக்குச் சொல்ல இதுவரை நாவுதான் இருக்கிறது.

ஆகவே பெற்றோரே, கோட்டைக்குப் போகும்போது ஓவர்டைம் இல்லாத ஒரு ஞாயிற்றைப் பார்த்து அப்பாவும் கூட வரட்டும். திருப்பலி முடிந்து கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும். எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டி அலுத்துவிடும். மூன்று பொருள் போதும், பிறகு பூங்காவில் ஓட விடுங்கள். அகழியில் முன்பு முதலைகள் இருந்தனவாம், அதைச் சொன்னால் மதில் ஓரம் கவனமாக நடப்பார்கள்!

அந்தப் பையனின் தந்தையை எங்கள் மறைக்கல்வி வகுப்புக்கு அழைத்தோம். முதலில் தயங்கினார், பிறகு வந்தார். குரோமிய உப்பு வருவதற்கு முன்னால் தம் தாத்தா காலத்தில் தோல் பதனிட்ட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். பட்டை பிள்ளைகள் கையில் ஒவ்வொருவராக மாறிப் போனது. முகர்ந்து பார்த்தார்கள். தோல் சுண்ணாம்பில் எத்தனை நாள் ஊற வேண்டும், ஊறியது போதும் என்று கையால் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அவர் கரும்பலகைப் பக்கம் போகாமல், முன் வரிசைப் பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். மணி அடித்தும் வகுப்பு கலையவில்லை.