துருவேறிய கொழுப்பு
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் வைத்தியரல்லோம்; தமிழ் கற்பிக்கும் ஆசிரியரே. எனினும் இன்று உடல்நூற் பொருளொன்றைப் பற்றிப் பேசத் துணிந்தோம். காரணம் உண்டு. சென்ற ஆண்டு இவ்விழாவின் சமையற்கூடம் எம் பொறுப்பில் இருந்தது. முதல்நாள் வடை பொரித்த எண்ணெயையும், உருக்கி மிஞ்சிய நெய்யையும் வீணாக்கலாகாதென்று எடுத்துவைத்து, மறுநாட் பந்திக்கும் வழங்கச் சொன்னவர் யாமே. சிக்கனம் என்று மகிழ்ந்தோம். பின்னர்க் கற்றறிந்தவை அம்மகிழ்ச்சியைக் கெடுத்தன.

கொலஸ்ட்ரால் என்பது நெய், முட்டை, இறைச்சி முதலியவற்றில் உள்ள ஒரு கொழுப்புப் பொருள். அது நமக்குப் பகையன்று. உயிரணுக்களின் சுவருக்கும் பித்தநீருக்கும் அது வேண்டப்படுவது. நமது கல்லீரலே அதனை நாடோறும் ஆக்குகின்றது. ஆயின் வெப்பத்திலும் காற்றிலும் நெடிது கிடப்பின், அது பிராணவாயுவைப் பற்றித் திரிந்துவிடுகின்றது. இரும்பு துருவேறுதல் போல.

இத்திரிபின் தீமை எவ்வாறு வெளிப்பட்டது? 1913-ல் ருஷிய நாட்டு அனிச்கோவ் என்பார் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி, அவற்றின் இரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படியக் கண்டார். 1976-ல் இமாய், டெய்லர் முதலிய ஆராய்ச்சியாளர், ஆய்வுக்கூடக் கொலஸ்ட்ராலில் கலந்திருந்த மாசுகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். முயல்களின் குழாய்ச் சுவரை விரைந்து கெடுத்தவை அம்மாசுகளே. தூய்மை செய்த பொருள் அத்துணைக் கேடு செய்திலது.

இனி, உண்ட திரிபொருள் உடலில் எவ்வழிச் செல்கின்றது எனின், கூறுதும். சிறுகுடலில் பித்தநீர் கொழுப்பை நுண்டுளிகளாக்க, குடற்சுவர் அவற்றை உறிஞ்சுகின்றது. தூயதும் திரிந்ததும் ஒரே வாயிலால் உட்புகும். பின்னர்க் கைலோமைக்ரான் என்னும் கொழுப்பு உருண்டைகளில் ஏறி, நிணநீர்க் குழாய் வழியே இரத்தத்தை அடையும். 2003-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் மக்கள் சிலருக்கு இத்தகைய பொருளொன்றை உணவோடு ஊட்ட, 72 மணி நேரம் சென்ற பின்னும் அது இரத்தத்திற் காணப்பட்டது.

கல்லீரல் வாளாவிருப்பதில்லை. தன்னால் இயன்றவற்றைப் பித்த அமிலங்களாக மாற்றிக் குடல்வழியே கழிக்கின்றது. உடலும் இத்திரிபை அளவோடு தானே செய்துகொள்வதுண்டு. மூளை தன் மிகைக் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை இவ்வாறு திரித்தே வெளியேற்றுகின்றது. ஆகவே, அஞ்சத்தக்கது வெளியினின்று அளவின்றி வந்து சேர்வதே. அது இரத்தக்குழாய்ச் சுவரில் தங்கின், வெள்ளணுக்கள் விழுங்கி, நுரைபோல் உப்பி, அங்கேயே கிடக்கும். அப்படிவு வளர்ந்து ஒருநாள் மாரடைப்பாக முடிதல் கூடும்.

1987-ல் ஜேக்கப்சன் என்பார் லான்செட் என்னும் மருத்துவ இதழில், தாம் ஆராய்ந்த இந்திய நெய்யின் ஸ்டெரால் வகைப் பொருள்களில் நூற்றுக்கு 12 பங்கு திரிந்தவை என்றும், புதிய வெண்ணெயில் அவை காணப்படவில்லை என்றும் எழுதினார். அயல்நாடு குடியேறிய இந்தியரிடை இதயநோய் மிகுதற்கு இதுவும் காரணமோ என ஐயுற்றார். ஐயமே, முடிந்த முடிபன்று. எனினும் நெய் வார்க்கும் நம்மனோர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஆயுர்வேதம் பழநெய்யைப் புகழ்ந்ததன்றோ எனின், மருந்தாகப் புகழ்ந்தது; பந்தியில் வார்ப்பதற்கன்று. கடலையெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லையே எனின், மெய்யே. ஆயினும் காய்ந்து கெட்ட எண்ணெய், அதிற் பொரிக்கும் முட்டை, இறைச்சியின் கொலஸ்ட்ராலை விரைந்து திரிக்கும்.

ஆதலால் தாய்மார்களுக்கு எம் வேண்டுகோள்: நெய்யை வேண்டுமளவே உருக்குக, மூடி, வெளிச்சம் படாமல் வைக்க, பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சற்க. சங்கத்தார்க்கும் ஒன்று சொல்வோம். இவ்வாண்டு மிஞ்சும் எண்ணெயைக் கணக்கில் நட்டமென எழுதுக. அதனை யாமே ஈடுசெய்வோம். ஒரு குடும்பம் தன் தலைமகனை இழக்கும் நட்டத்தை ஈடுசெய்ய எவராலும் இயலாது.