138-ஐ எழுதியது யார்?

(குறுவள மையக் கூட்டத்தில் அரியக்குடி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

நிகழ்ச்சி நிரலில் 'அறிவியல் மன்ற அனுபவம்' என்று போட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவது பொம்மை ரயிலைப் பற்றி. கூடவே, நான் ஒரு மாணவனிடம் செய்த தவறைப் பற்றியும்.

எங்கள் பள்ளியில் படித்து இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர், போன வருடம் ஊருக்கு வந்தபோது ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இரண்டு டீசல் எஞ்சின், நான்கு பெட்டி, கொஞ்சம் தண்டவாளம். நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு. "காரைக்குடி ஜங்ஷனையே மேசை மேல கொண்டுவந்துடலாம் சார்" என்றார்கள் பிள்ளைகள்.

பழைய மாதிரி ரயிலில், தண்டவாளத்தில் மின்சாரத்தைக் கூட்டினால் அதன் மேல் நிற்கும் எஞ்சின்கள் எல்லாம் சேர்ந்தே ஓடும். இது டிஜிட்டல் வகை. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். கட்டளைகளும் அதே வழியாகத்தான் போகும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்ற சின்ன மின்னணுப் பலகை இருக்கிறது. நாம் வருகைப்பதிவேட்டில் எண்ணைக் கூப்பிட்டால் அந்த எண்ணுக்குரிய பிள்ளை மட்டும் 'உள்ளேன் ஐயா' என்கிறதல்லவா, அதுபோல டிகோடரும் தன் எண்ணுக்கு வரும் கட்டளைக்கு மட்டுமே பணியும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறை இது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது.

டிகோடருக்குள் எண்ணிட்ட நினைவறைகள் உண்டு. சி.வி. என்பார்கள். ஒவ்வோர் அறையிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். 1-ஆம் அறையில் எஞ்சினின் முகவரி. புதிதாக வாங்கும்போது அது பெரும்பாலும் 3. எஞ்சின் எவ்வளவு மெதுவாக வேகமெடுக்க வேண்டும் என்பது 3-ஆம் அறையில். மின்சாரத்தை நிறுத்தினாலும் இந்த எண்கள் அழியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கட்டுப்பாட்டுக் கருவியை விலைக்கு வாங்க முடியவில்லை. ஆர்டுயினோ பலகை, அதன் மேல் ஒரு மோட்டார் ஷீல்டு, டி.சி.சி.-இ.எக்ஸ் என்ற இலவச மென்பொருள், இவற்றைக் கொண்டு நாங்களே செய்துகொண்டோம். அதில் இரண்டு இணைப்புகள். ஒன்று ஓடும் பாதைக்கு, மற்றொன்று, சி.வி. எண்களைப் படிக்கவும் எழுதவும் ஒதுக்கிய தனித் துண்டுத் தண்டவாளத்துக்கு. அந்தத் துண்டின் மேல் ஒரு நேரத்தில் ஓர் எஞ்சின்தான் நிற்க வேண்டும். முதல் வாரம் இரண்டையும் நிறுத்திவிட்டு முகவரியை 5 என்று எழுதினோம். இரண்டுமே 5 ஆகிவிட்டன!

டிகோடருக்கு வாய் கிடையாது. பதில் சொல்ல அதற்கு இருப்பது மோட்டார்தான். அறையில் உள்ள எண்ணைப் பிட் பிட்டாகக் கருவி கேட்கும். 'ஆம்' என்றால் டிகோடர் மோட்டாரை ஒரு கணம் உசுப்பி, குறைந்தது 60 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 6 மில்லி வினாடி கூடுதலாக இழுக்கும். கருவி அந்த ஏற்றத்தைக் கண்டுகொள்ளும். கண்டுகொள்ள முடியாவிட்டால் திரையில் -1 வரும். டிகோடர் போய்விட்டது என்று உடனே பயந்துவிடுவோம். எங்களுக்கு வந்த -1-களில் பெரும்பாலானவை சக்கரத்தில் படிந்த கரியால் வந்தவை. அரியக்குடி பித்தளை விளக்குக்குப் பேர்போன ஊர் இல்லையா, ஒரு மாணவி "புளி போட்டுத் தேய்க்கலாமா சார்?" என்று கேட்டாள். புளி உள்ளே போனால் பற்சக்கரம் பாழ். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

இனி நடந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டு விழாவில் இரண்டு எஞ்சினையும் முதுகோடு முதுகு சேர்த்து ஒரே ரயிலை இழுக்கவைத்தோம். அதற்கு 19-ஆம் அறையில் ஒரு பொது எண் எழுத வேண்டும். விழா முடிந்ததும் அதை 0 ஆக்க வேண்டும். ஒன்றை ஆக்கினேன். மணி அடித்தது. இன்னொன்று மறந்துபோனது.

இரண்டு வாரம் கழித்து எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், வண்டி மெதுவாகக் கிளம்பட்டும் என்று அந்த எஞ்சினின் 3-ஆம் அறையில் 20 என்று எழுதினான். ஓடும் பாதையில் வைத்தான். முன்விளக்கு எரிந்தது, சக்கரம் நகரவில்லை. "மோட்டாரைக் கெடுத்துட்டியே" என்றேன், எல்லோர் முன்னாலும். "நான் மூணாம் அறையை மட்டும்தான் சார் மாத்தினேன்" என்றான். நான் காதில் வாங்கவில்லை. மறுநாள் அவன் மன்றத்துக்கு வரவில்லை.

8-ஆம் அறையில் 8 என்று எழுதினால் பல டிகோடர்கள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அதைச் செய்யத்தான் போனேன். செய்திருந்தால் எஞ்சின் ஓடியிருக்கும். பையன்தான் கெடுத்தான் என்ற என் முடிவும் அப்படியே நின்றிருக்கும். இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

துண்டுத் தண்டவாளத்தில் எஞ்சினை வைத்தபோது, புளி கேட்ட அதே மாணவி கேட்டாள்: "படிக்கும்போது எஞ்சின் துடிக்குதே சார். மோட்டார் போயிருந்தா எப்படித் துடிக்கும்?"

பதினைந்து வருடமாக மின்னோட்டம் நடத்துகிறேன். என்னிடம் பதில் இல்லை.

எதையும் எழுதாமல் ஒவ்வோர் அறையாகப் படித்தோம். 1-இல் 5, சரி. 3-இல் 20, அவன் சொன்னதேதான். 29-இல் 6, சரி. 19-இல் 138. பிள்ளைகள் அதை இரண்டடிமான எண்ணாகப் பிரித்தார்கள்: 128-உம் 10-உம். 10 என்பது பொது எண். 128 என்றால் இந்த எஞ்சின் திரும்பி நிற்கிறது என்று பொருள். 19-ஆம் அறையில் எண் இருக்கும்வரை வேகக் கட்டளையை எஞ்சின் பொது எண்ணில் மட்டுமே கேட்கும். விளக்குக் கட்டளையை மட்டும் தன் சொந்த எண்ணில் கேட்கும். விளக்கு எரிந்து சக்கரம் நகராததற்குக் காரணம் அதுதான்.

"138-ஐ யார் சார் எழுதினது?" என்று ஒருவன் கேட்டான். மன்ற நோட்டைப் புரட்டினார்கள். ஆண்டு விழாத் தேதி, சிவப்பு மை, என் கையெழுத்து.

அன்று மாலையே அந்த மாணவனின் வகுப்புக்குப் போய், எல்லோர் முன்னாலும் திட்டியதால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான், அவ்வளவுதான். மன்றத்துக்குத் திரும்பி வர இன்னும் ஒரு வாரம் ஆனது. இப்போது நோட்டில் 'முன்பு இருந்த எண்' என்று ஒரு பத்தி இருக்கிறது. எழுதுவதற்கு முன் படித்து அதை நிரப்ப வேண்டும், நானும்தான்.

அவன் வந்த அன்று எஞ்சினை அவன் கையில் கொடுத்து ஓட்டச் சொன்னேன். உடனே ஓட்டவில்லை. துண்டுத் தண்டவாளத்தில் வைத்து முதலில் 19-ஆம் அறையைப் படித்துப் பார்த்தான். 0 வந்தது. நோட்டில் குறித்துக்கொண்டு, அப்புறம் ஓட்டினான்.