மறைத்து வைத்த கை
(சபை ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை)



உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்து நோயாளியிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "பரவாயில்லை ஐயா" என்றுதான் பெரும்பாலும் சொல்வார். வயிற்றை அழுத்திப் பிடித்த கையும், சுவர்ப்பக்கம் திரும்பிய முகமும் வேறு செய்தி சொல்லும். ஆகவே ஆஸ்பத்திரி ஊழியத்தில் கண்ணாலும் கேட்கப் பழக வேண்டும். ஆனால் கண் கண்டதை உடனே நம்பிவிடவும் கூடாது. இதை நமக்குக் கற்றுத்தருவது தொழுநோய்.

இந்நோய் நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கையருகே ஓடும் நரம்பு பழுதானால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக்கொள்ளும். முகத்து நரம்பு பழுதானால் இமை மூடாது, முறைப்பதுபோல் தோன்றும். சிரித்தாலும் முகம் கோணும். அன்போடு பார்க்கிறவரைக் கோபக்காரர் என்று எண்ணி மற்றவர்கள் விலகிப்போவார்கள்.

1947ஆம் ஆண்டு, நமக்கு அருகிலுள்ள செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் பொறுப்பிலிருந்த தொழுநோய் இல்லத்தைப் பார்க்க, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் வந்தார். கொல்லிமலையில் மிஷனெரி பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தம் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பலமற்றதாகத் தோன்றிய அந்தக் கை, டாக்டருக்கு வலிக்கும்படி இறுக்கியது. அழுத்தியவருக்கோ அது தெரியவில்லை. உணர்வற்ற கை அது. சில தசைகள் நல்ல பலத்தோடிருக்கின்றன என்று டாக்டர் அறிந்துகொண்டார். அந்தத் தசைகளின் நாண்களை மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை பின்பு வேலூரில் உருவானது. பார்வை சொல்லாததைத் தொடுதல் சொன்னது.

மற்றொரு சமயம் அவர் ஒரு நோயாளியின் தோளில் கைவைத்துப் பேசியபோது, அம்மனிதர் அழத் தொடங்கினார். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று டாக்டர் திகைத்தார். பல வருஷமாக ஒருவரும் தம்மைத் தொடவில்லை என்பதே அந்த அழுகையின் காரணம்.

மாற்கு முதலாம் அதிகாரத்தின் ஒழுங்கைக் கவனியுங்கள். ஆண்டவர் முதலில் கையை நீட்டித் தொட்டார்; பிறகே பேசினார். வார்த்தை மாத்திரமே போதுமாயிருந்தும் தொட்டார்.

இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ இந்நோயைக் குணமாக்குகிறது, மருந்தும் இலவசம். ஆனால் நோய் நீங்கியும், மடங்கிய விரலும் மூடாத இமையும் தங்கிவிடக்கூடும். அப்படிப்பட்டவர் ஆராதனையில் கடைசி வரிசையில், கையை முந்தானைக்குள்ளோ துண்டுக்குள்ளோ மறைத்து உட்காருவார். "என்னைக் கண்டு விலகுவீர்களோ?" என்று அந்தக் கை நம்மைக் கேட்கிறது.

உங்கள் காணிக்கைகளுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். இன்னும் ஒன்று கேட்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பேர் கேட்டுப் பேசுங்கள். சமாதானம் சொல்லும்போது கையை நீட்டுங்கள். உங்கள் கையின் சூட்டை அவர் விரல்கள் உணராமற்போகலாம். நீங்கள் கை நீட்டியதை அவர் கண் காணும்.